பால் குடிக்கும் சட்டி

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும், கோயிலில் ஜெபமாலை முடிந்து பெண்கள் மணலில் காலை இழுத்துக்கொண்டு வீடு திரும்பும் ஓசையும் அடங்கியிருந்தது, அப்போதுதான் அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன்: சப்பு, சப்பு, சப்பு என்று, நடுவில் மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடியும் சப்பு, சப்பு என்று, பசித்த பிள்ளை தாயைப் பற்றி உறிஞ்சுகிற சத்தம். என் பிள்ளைதான் குடிக்கிறாள் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். இமெல்டா என் பக்கத்தில் இரண்டு கையையும் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு, வாயை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசையவில்லை. ஆனால் என் மார்பு கூசிக் கனத்தது, பிறகு யாரோ வயிறாரக் குடித்தது போல இளகியது, துணியில் ஒரு சொட்டுகூட வடியாமல் வற்றிப்போனது.

சத்தம் அடுப்படியிலிருந்து வந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். பூனை இல்லை, அடுப்பில் நெருப்பு இல்லை, மூலையில் பிரிமணைமேல் உட்கார்ந்திருந்த கறிச்சட்டிதான் குடித்துக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கினேன். மத்தியானம் பந்தி முடிந்தபோது அடியில் ஒரு அகப்பைக் குழம்பு மட்டும் மிச்சமிருந்த சட்டிக்குள், மணலில் தோண்டிய ஊற்றில் தண்ணீர் எழும்புவது போலக் குழம்பு எழும்பிக்கொண்டிருந்தது. மூடியை வைத்துவிட்டு வந்து என் புருஷனை எழுப்பினேன்.

“என்னங்க, சட்டி பால் குடிக்கி.”

“எலியா இருக்கும். படு” என்றார் கஸ்பார், கண்ணைத் திறக்காமல்.

அந்தச் சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கஸ்பாருடைய முன்னோர் அக்கரையிலிருந்து, மன்னார்ப் பக்கமிருந்து, ஒரு கொள்ளைநோய்க் காலத்தில் தோணியேறி இந்தச் சம்மனசுபுரத்துக்கு வந்தபோது, ஒரு மாதா சுரூபமும் இந்தச் சட்டியும் தவிர வேறெதையும் தூக்கிவரவில்லையாம், சட்டியின் அடியில் ஒரு அகப்பைக் குழம்பு இருந்ததாம், இக்கரையில் முதல் அடுப்பு மூட்டியபோது அந்த ஒரு அகப்பையின் மேல்தான் புதுக் குழம்பைக் கூட்டினார்களாம். பாலுக்கு உறை விடுவது போல, பழையதில் ஒரு அகப்பையை அடியில் நிறுத்தி, அதன்மேல் மல்லியும் மிளகும் சீரகமும் பூண்டும் வறுத்து அரைத்த மசாலைக் கரைத்து ஊற்றி, பால்சுறாவை வெந்நீரில் முக்கி அதன் மணல் தோலைச் சுரண்டித் துண்டு போட்டு, புளி சுண்டியதும் இறக்கிவைத்துத் தேங்காயின் தலைப்பாலை ஊற்றுவார்கள். அதனால் அதற்கு உறைக்குழம்பு என்று பேர். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற இந்தக் குழம்பைத்தான் கொடுப்பார்கள். இந்த வீட்டில் பிறந்து ஊருக்குள்ளேயே கட்டிக்கொண்டு போன பெண்கள் ஆளுக்கொரு சிரட்டை எடுத்துப் போனதில், ஊரில் பாதி அடுப்பில் கொதிப்பது இதன் பிள்ளைகளும் பிள்ளைகளின் பிள்ளைகளும்தான் என்பார்கள். சட்டியை ஒருநாளும் கழுவியதில்லை.

நானோ பாளையங்கோட்டையில், கன்னியாஸ்திரிகள் மடத்துப் பள்ளியில், போர்டிங்கில் வளர்ந்தவள். தட்டில் பிசுக்கு இருந்தால் மதர் அந்தத் தட்டைக் கழுத்தில் கட்டிவிட்டு நடக்கச் சொல்வார். கல்யாணமாகி வந்த புதிதில், “மதினி, இதக் கழுவவே மாட்டீங்களா?” என்று கேட்டேன். பிரகாசி மதினி கஸ்பாருடைய அக்கா, புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு இருப்பவள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒன் ரத்தத்த என்னைக்காவது கழுவிட்டு வேற ஊத்துனியாட்டி?” என்றாள்.

சட்டி குடிக்கத் தொடங்கியது இமெல்டாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று. எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். பந்திக்குமேல் பந்தி. யாரோ ஒருத்தர் சோற்றை உள்ளே போட்டுச் சட்டியை வழித்துத் தின்றுவிட்டார், அது யாரென்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. வெறும் சட்டியைப் பார்த்த மதினிக்கு முகம் செத்துப்போனது. மிச்சமிருந்த மசாலை அவசர அவசரமாகக் கரைத்துக் கடைசிப் பந்திக்குக் குழம்பு கூட்டி இறக்கிவிட்டுத் தலைப்பாலைத் தேடினாள். ஜன்னல் கட்டையில் எவர்சில்வர் டம்ளர் ஒன்று தட்டு மூடி இருந்தது. கோயிலில் நேரமாகி மார்பு கல்லாய்க் கட்டிக்கொண்டதால், ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லித் தந்தபடி நான் பீய்ச்சி மூடி வைத்திருந்த பால் அது. வெள்ளையாக, திக்காக, மேலே லேசான மஞ்சள் படர்ந்திருந்த அதை, இந்தக் கரையில் பிறந்த எந்தப் பெண்ணும் வேறெதுவென்று நினைத்திருக்க மாட்டாள். ஊற்றி, சட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, மூடினாள். நான் வந்து டம்ளரைத் தேடியபோது, “ஐயோ ஏட்டி!” என்று தலையில் கை வைத்தாள். பிறகு சிரித்தாள். நானும் சிரித்தேன். வெளியே கடைசிப் பந்திக்காரர்கள் விரலைச் சூப்பிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் சட்டி கழுத்துவரை நிறைந்திருந்தது. மஞ்சள் எண்ணெய் மிதக்க, சுறாத் துண்டுகள் முதுகு காட்டிக்கொண்டு, இப்போதுதான் இறக்கியது போல ஆவி பறந்தது. மதினி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இது எங்கம்ம வச்ச குழம்பு” என்றாள். “நான் வைக்கது இல்ல. எங்கம்ம வச்சது.”

“சுறா ஏது மதினி?”

“கேக்காத. கடல் குடுக்காத காலத்துல சட்டி குடுக்கு. மாதாவுக்குத் தெரியாமலா?”

கடல் கொடுக்காத காலம் என்பது உண்மை. அது தடைக்காலம், மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று விசைப்படகுகளை அரசாங்கம் கரையில் நிறுத்தி வைத்திருந்த காலம், நாட்டுப்படகுகளுக்கோ கரையோரம் வலையில் பாசியும் பிளாஸ்டிக்கும்தான் ஏறிக்கொண்டிருந்தன. பல வீடுகளில் வெறும் சோற்றில் உப்பு. அதனால் மதினி முதலில் பக்கத்து வீட்டு மெட்டில்டாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தாள், மெட்டில்டா தன் கொழுந்தன் வீட்டுக்குப் பாதியை அனுப்பினாள், சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சாப்பிட்டது, சட்டி காலியானது, விளக்கு வைத்த பிறகு அது குடித்தது, காலையில் நிறைந்தது. அதற்கடுத்த நாள் ஊர் முழுக்க வந்தது.

எங்கள் ஊர் இதற்கெல்லாம் ஆச்சரியப்படுகிற ஊர் இல்லை. மாதா சுரூபம் ஒருமுறை வேர்த்தது, அதற்கு விசிறி செய்து வைத்தார்கள். மாதா குகையான கெபியின் கிணறு ஒருமுறை இனித்தது, அதில் சர்பத் போட்டார்கள். சட்டி குடிக்கிறது என்றதும் கேட்ட முதல் கேள்வி, தூக்குவாளி கொண்டுவரலாமா, கிண்ணம் மட்டும்தானா என்பது. ஊர்க் கமிட்டித் தலைவர் தொம்மை மச்சாது வந்து, விதவை வீடுகள் முதலில், பிறகு சிறுபிள்ளை இருக்கிற வீடுகள், பிறகு மற்றவர்கள் என்று ஒழுங்கு பண்ணினார். திருவிழாப் பந்தலில் இருந்து ஒரு டியூப்லைட்டைக் கழற்றி வந்து எங்கள் அடுப்படி வாசலில் மாட்டினார்கள்.

“ஏல சூசை, வரிசையில நில்லு. பூசைக்கு வராதவனுக்குக் கடைசியிலதான்.”

“பூசைக்கு வந்தவனுக்குத் துண்டு ரெண்டா? எனக்குத் தல மட்டும் வந்திருக்கு!”

“தல இல்லாதவனுக்குத் தலதான வைப்பாவ!”

இப்படிச் சிரிப்பும் சண்டையுமாக அவர்கள் நின்றார்கள். பங்குச்சாமியார் மேற்கே மலையோரத்து ஊர்க்காரர், மீன் வாடைக்கு மூக்கைப் பொத்துகிறவர், வாசலோடு நின்று சட்டியை வெகுநேரம் பார்த்தார், ஒரு கரண்டி சாப்பிட்டார், இன்னொரு கரண்டி கேட்டார். “இது பாவம் என்று எங்கேயும் எழுதவில்லை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் குழம்பைச் சாப்பிட்டவர்களுக்கு, ஊர் மறந்துபோனதெல்லாம் நாக்கில் வந்து உட்கார்ந்தது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நாலு காற்றோடு நிறுத்திக்கொள்கிறவர்கள், அவற்றுக்கு நடுவே வீசுகிற சின்னச் சின்னக் காற்றுகளின் பேரையெல்லாம் சொன்னார்கள். தொம்மை மச்சாது, சாப்பிட்டுக் கை கழுவாமலே, அக்கரையில் தம் ஆட்கள் விட்டுவந்த கிணறுகளின் பேரை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார், அவர் அந்தக் கிணறுகளைக் கண்டதுமில்லை, யாரும் அவருக்குச் சொன்னதுமில்லை. மஸ்கட்டில் இருந்து லீவில் வந்த பையன்கள் திரும்பிப் போகவில்லை. “நாம யாருன்னு இப்பதாம்டே தெரியிது” என்று ஒருத்தரை ஒருத்தர் தோளில் தட்டிக்கொண்டார்கள். தட்டை நக்கிவிட்டு அழுதார்கள். எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். நான் ஒரு வாய் எடுத்தேன். மல்லி இல்லை, புளி இல்லை, சுறா இல்லை. வெதுவெதுப்பாக, லேசான தித்திப்பாக, என் சொந்தப் பால் மட்டும் என் நாக்கில் இருந்தது. கொல்லையில் போய் வாந்தி எடுத்தேன்.

அதற்குள் சட்டி எதைக் குடித்து நிறைகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒளித்து வைக்க யாரும் நினைக்கவில்லை. மாறாக என்னைக் கொண்டாடினார்கள். உரித்த பூண்டு வந்தது, வெந்தயக் களி வந்தது, முருங்கைக்கீரை கட்டுக் கட்டாக வந்தது, எங்கிருந்தோ நாட்டுக்கோழி வந்தது. வருகிற பெண்கள் முதலில் என் மார்பைப் பார்த்தார்கள், பிறகுதான் முகத்தைப் பார்த்தார்கள். “நல்லா சாப்புடு தாயி” என்றார்கள். நான் சாப்பிட்டேன், நிறையச் சாப்பிட்டால் சட்டிக்குப் போக மிச்சம் என் பிள்ளைக்கு இருக்கும் என்று நினைத்து, களியையும் கீரையையும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். சாப்பிடச் சாப்பிடச் சட்டிதான் பெரிதாகக் குடித்தது. விளக்கு வைத்த பிறகு குடித்தது, பிறகு விளக்கு வைக்கும்போதே குடித்தது, பிறகு பொழுது சாய்வதற்கு முன், பிறகு மத்தியானமும் ஒருமுறை.

இமெல்டா என் மார்பைப் பற்றுவாள், இழுப்பாள், ஒன்றும் வராது, என்னை அண்ணாந்து பார்ப்பாள். அவள் கோபமாய்க் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் சந்தேகமாகப் பார்த்தாள், நான்தானா என்று. டப்பாப் பாலைக் கரைத்துக் கொடுத்தேன், கக்கினாள். ஆட்டுப்பாலைக் காய்ச்சி வடிகட்டிக் கொடுத்தேன், கக்கினாள். ஊரில் பால் இருக்கிற பெண்கள் கூச்சம் பார்க்காமல் வந்து மடியில் போட்டுக்கொண்டார்கள், அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். சுகாதார நிலையத்து நர்ஸ் அவளைத் தராசுத் தொட்டிலில் தொங்கவிட்டு முள்ளைப் பார்த்தாள், தராசைத் தட்டினாள், மறுபடி பார்த்தாள்.

“தாய்ப்பால் குடுக்கலியா?”

“அதச் சட்டி குடிச்சிருது நர்ஸம்மா.”

நர்ஸ் எடையை அட்டையில் குறித்துக்கொண்டாள். அவளும் முந்தின நாள் ஒரு தூக்குவாளி வாங்கிப் போயிருந்தாள்.

கஸ்பாரிடம் சொன்னேன். “பிள்ள காத்தா இருக்கா பாருங்க. ஒருநா, ஒரே ஒருநா, சட்டியக் கவுத்து வச்சிருவோம்.”

“ஊரே தட்டத் தூக்கிட்டு நிக்கு டெல்பின். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கவுக்க?”

“இவ மூஞ்சிய வச்சிக்கிட்டு” என்று பிள்ளையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவர் பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது, நன்றாகவே அழுதார். அப்போது வரிசையில் தள்ளுமுள்ளு என்று வாசலில் இருந்து யாரோ கூப்பிட்டார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். எவ்வளவு தூரம் போனால் சட்டிக்கு எட்டாது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் தூரம் என்று ஒன்று இருக்கும் என்று நம்பினேன். உப்பளங்கள் தாண்டின, பனங்காடு தாண்டியது, வண்டி ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது என் மார்பு கூசியது, கனத்தது, இளகியது. அம்மா வீட்டில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை, குழாய்த் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்தான், அங்கேயும் நான் வற்றிக் கிடந்தேன். மறுநாள் கமிட்டி ஒரு வேனில் வந்தது. யாரும் அதட்டவில்லை. தொம்மை மச்சாது என் அப்பாவைவிட மூத்தவர், என் முன்னால் கை கூப்பிக்கொண்டு, “நாங்க எல்லாரும் ஒன் பிள்ளைகதான தாயி” என்றார். என் அம்மாவுக்கு ஒரு தூக்குவாளி குழம்பு கொண்டுவந்திருந்தார்கள்.

வேனில் திரும்பி வந்து, இரண்டொரு நாள் படுத்துக் கிடந்து, பிறகு ஒரு காலையில், பூசை முடிந்து ஊர் வரிசையில் நிற்கும்போது, அம்மியிலிருந்து குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து, நிறைந்திருந்த சட்டியின்மேல் போட்டேன். அது பெரிதாக ஓசை எழுப்பவில்லை. முட்டை உடைவது போல உடைந்தது. குழம்பு அடுப்படித் தரையில் ஓடி, வாசற்படி தாண்டி, மணலில் இறங்கி மறைந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடிப்பார்கள் என்று நினைத்துப் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

யாரும் அடிக்கவில்லை. மெட்டில்டா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு முழங்காலில் இருந்தாள். ஒரு ஓட்டுத் துண்டை எடுத்து, உதட்டில் வைத்து முத்தி செய்து, நெற்றியில் ஒற்றி, மடியில் கட்டிக்கொண்டாள். அடுத்தவளும் முழங்காலில் இருந்தாள். எங்கள் கோயிலில் பாதுகாவலருடைய அருளிக்கம் ஒன்று கண்ணாடிப் பேழையில் இருக்கிறது, அரிசி அளவு எலும்பு, திருவிழாவில் ஊரே வரிசையில் வந்து முத்தி செய்யும். சின்னத் துண்டாக இருந்தாலும் முழுப் புனிதரும் அதில் இருக்கிறார் என்று ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டும் மிச்சமில்லாமல், நகக்கண் அளவு சில்லுகூட விடாமல் பொறுக்கிக்கொண்டு போனார்கள். போகும்போது ஒவ்வொருத்தரும் எனக்குத் தோத்திரம் சொன்னார்கள்.

அன்று விளக்கு வைத்த பிறகு எங்கள் அடுப்படி அமைதியாக இருந்தது. நான் இமெல்டாவை மடியில் போட்டுக்கொண்டு, மார்பு கனப்பதை உணர்ந்து, மாதாவே என்று சொல்லிக்கொண்டு அவள் வாயில் கொடுக்கப் போனேன். அப்போது மெட்டில்டா வீட்டில் தொடங்கியது. பிறகு அதற்கடுத்த வீட்டில். பிறகு எதிர் வாடை வீட்டில், பிறகு கோயில் தெருவில், பிறகு கடற்கரைக் குடிசைகளில். அவரவர் சட்டிக்குள் அவரவர் ஓட்டுத் துண்டைப் போட்டு வைத்திருந்தார்கள். அத்தனை வாயும் ஒன்றாகப் பற்றின. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அதன்பிறகு வரிசை இல்லை, டியூப்லைட் இல்லை, துண்டுக்குச் சண்டை இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் உறைக்குழம்பு தானாக நிறைந்தது. தடைக்காலம் முடிந்தது, படகுகள் கரையிலேயே நின்றன, சுறா வீட்டுக்கு வரும்போது யார் அதைத் தேடிப் போவார்கள்? வலைகளை அறுத்துப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டினார்கள். சாயங்காலங்களில் ஆண்கள் மணலில் உட்கார்ந்து, எந்தக் காற்றில் எந்த மீன் வரும் என்று மிகச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கஸ்பாரும் அங்கேயே இருந்தார், இரவில் படகடியிலேயே படுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் பிள்ளையைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இமெல்டாவின் அழுகை பூனைக்குட்டியின் அழுகை போல ஆனது. பிறகு அந்த அழுகையும் நின்றது. உதடு தோலுரிந்து, உச்சிக்குழி பள்ளமாகி, கண் மட்டும் பெரிதாக என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒரு மத்தியானம் அவள் என்னைப் பார்ப்பதையும் நிறுத்தியபோது, செருப்பும் போடாமல் அவளைத் தூக்கிக்கொண்டு மெட்டில்டா வீட்டுக்கு ஓடினேன். அவள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, எம் பிள்ளைக்குப் பால் இல்ல. இருக்கதெல்லாம் ஒங்க சட்டியில இருக்கு. ஒரு வாய் குடுங்க.”

“அதுக்கென்னட்டி? இது ஒன் வீட்டுக் குழம்புதான? உக்காரு மொதல்ல.” அவள் நிஜமாகவே பதறினாள். எழுந்து போய்க் குழம்பில் சுண்டுவிரலைத் தோய்த்து வந்து பிள்ளையின் உதட்டில் வைத்தாள்.

உறைப்பு பிள்ளையின் உயிரையே வாங்கிவிடும் என்று பயந்தேன். இமெல்டா உதட்டை நக்கினாள். பிறகு மெட்டில்டாவின் விரலைப் பற்றிக்கொண்டாள், இழுத்தாள், குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை நான் எத்தனை காலத்துக்குப் பிறகு பார்த்தேன்! மெட்டில்டா தோய்த்துத் தோய்த்துக் கொடுத்தாள். பிள்ளையின் முகத்தில் ரத்தம் வந்தது, கால் உதைத்தது. தெருப் பெண்கள் வாசலில் கூடிக் குலவை போட்டார்கள். நான் மெட்டில்டாவின் காலில் விழுந்தேன். அவள் என்னைத் தூக்கி, “பைத்தியக்காரி, ஊர்ல இவ்வளவு குழம்பு இருக்கையில நம்ம பிள்ள பட்டினி கிடக்குமா?” என்றாள். நம்ம பிள்ள என்று அவள் சொன்னதை அன்று நான் சந்தோஷமாகத்தான் கேட்டேன்.

அப்புறம் தினமும் தூக்கிக்கொண்டு போனேன். காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு, சாயங்காலம் ஒரு வீடு. யாரும் முகம் சுளித்ததில்லை, என்னுடையதை எனக்கே அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, சில நாள் எனக்கும் தோன்றவில்லை. இமெல்டா கொழுத்தாள். தொடையில் மடிப்பு விழுந்தது, கன்னம் தொங்கியது, அவள் மேலில் மல்லியும் புளியும் மணத்தது. பிறகு நான் தூக்கிப் போவதற்கு முன்பே அவர்கள் வந்தார்கள். “இன்னைக்கி எங்க வீட்டு மொற” என்று வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு வீட்டில் அவளை ராசாத்தி என்றார்கள், ஒரு வீட்டில் கப்பல்காரி என்றார்கள், எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். தொம்மை மச்சாது அவளைத் தோளில் வைத்துக்கொண்டு அக்கரைக் கிணறுகளின் பேரைச் சொல்ல, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர்ச் சட்டிகள் எல்லாம் தளும்பத் தளும்ப நிறைந்து, குடிக்க இடமில்லாமல் ஒரு பகல் சும்மா இருந்துவிட்டன. அந்தப் பகலில், துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, என் மார்பு கட்டியது. கூசவில்லை, இளகவில்லை, கட்டிக்கொண்டே போனது. சோப்புக் கையோடு ஓடினேன். கோயில் தெருவில் ஒரு வீட்டு முற்றத்தில் பெண்கள் நடுவே பிள்ளை இருந்தாள். வாங்கி, சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, ரவிக்கையை அவிழ்த்தேன். பால் தானாகவே பீய்ச்சி அவள் கன்னத்தில் அடித்தது. இமெல்டா முகத்தைச் சுளித்தாள். என் மார்பை மோந்து பார்த்தாள், கசந்தது போல உதட்டை மடித்தாள், முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு, என் தோளுக்கு மேலே அந்தப் பெண்களைப் பார்த்துக் கையை நீட்டி அழுதாள். “அவளுக்கு உப்பு புளி இல்லாம இறங்காதுட்டி” என்று ஒருத்தி சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள், அன்பாகத்தான். நான் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்து, துவைத்துக்கொண்டிருந்த துணியிலேயே பாலைப் பீய்ச்சினேன்.

முதலில் தூங்குவதற்காவது என்னிடம் கொண்டுவந்தார்கள். பிறகு, தூங்கிவிட்டாளே, எழுப்பினால் அழுவாளே என்று வைத்துக்கொண்டார்கள். எந்நேரம் விழித்துக்கொண்டு என்னைத் தேடுவாளோ, எந்நேரம் கொண்டுவந்து தட்டுவார்களோ என்று, நான் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சும்மா சாத்தி வைத்துவிட்டு, அதைப் பார்த்தபடி பாயை விரித்துப் படுத்தேன். காற்றடித்தால் அது திறந்துகொள்ளும், எழுந்து உட்காருவேன்.

இன்று பொழுது சாய்ந்தபோது பிரகாசி மதினி மட்டும் வந்தாள். பிள்ளையோடுதான் அவளும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். கொடியில் கிடந்த பிள்ளையின் துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“தொம்மை மாமா வீட்டுல தூங்கிட்டா. இன்னைக்கு அங்கனயே கிடக்கட்டும்.”

“நாளைக்கு?”

“நாளைக்கு மெட்டில்டா மொற. அதுக்கு மறுநா கடக்கரைக்காரங்க கேட்டிருக்காவ.”

“எனக்கு எப்ப மொற வரும் மதினி?”

மதினி பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்மேல் அவளுக்கு ஒருநாளும் வெறுப்பு இருந்ததில்லை. பக்கத்தில் வந்து என் முடியை ஒதுக்கிவிட்டாள்.

“ஒங்கிட்ட என்னட்டி இருக்கு பிள்ளைக்குக் குடுக்க?” என்று கேட்டாள். குத்திக்காட்டுவதற்காக இல்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள், நான் ஏதாவது சொல்வேன் என்று சற்று நின்றாள்கூட.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “வெந்தயக் களி உறியில இருக்கு, சாப்பிட்டுப் படு” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவள் தெருமுனை திரும்பும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கதவைச் சாத்தினேன், பிள்ளையின் பாயைச் சுருட்டி மூலையில் வைத்தேன், திரும்பி வந்து உள்தாழ்ப்பாளைப் போட்டேன்.